இணைப்புக்கு ஆறு மாசம்

முதல் சொட்டு
பவுடர் டப்பாவுக்குள் விழுந்தது.
கீழக்குயில்குடி மலையடியில் படப்பிடிப்பு.
அம்மா வேஷம் போடுகிறவர்
அரைப் புருவத்தோடு நிமிர்ந்து
கூரையைப் பார்த்தார், பிறகு என்னை.
"ஏன்டி ஒச்சம்மா,
வண்டிக்கும் கிளிசரின் ஊத்திட்டியா?"

புதுக் கேரவன். ஏழாவது தவணை
இன்னும் கட்டவில்லை.

பக்கெட் வைத்தேன்.
கொஞ்ச நேரம் கூட்டத்தில் நிற்கிற
துணை நடிகர் மாதிரி நின்றது.
பிறகு அதற்கும் வசனம் வந்தது.

கப்பலூரில், பாடி கட்டிய கம்பெனியில்,
பிரசன்னவேல் என்று சட்டையில் எழுதியிருந்த பையன்
எட்டாய் மடித்த வாரண்டியை
நீவி நீவி விரித்தான்.
"கூரைக்கு ரெண்டு வருசம் மேடம்.
பக்கச் சுவருக்கு ரெண்டு வருசம்.
கூரையும் சுவரும் சேர்ற எடம்
இணைப்பு.
இணைப்புக்கு ஆறு மாசம்."

ஆறு மாசம் முடிந்து
பதினொரு நாள் ஆகியிருந்தது.

சேர்கிற இடத்தில்தானே தம்பி ஒழுகும்,
என் கல்யாணமும் அப்படித்தான் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் வரிசை நின்றது.

ஏசி மாட்டியவனைக் கேட்டால்
பாடி கட்டினவன் போட்ட ஓட்டை என்கிறான்.
பாடி கட்டினவன் ஏசிக்காரனைக் கை காட்டுகிறான்.
சேசிஸ் விற்றவர் மரியாதையாகச் சொன்னார்:
"நாங்க குடுத்தது சேசிஸ்மா.
அதுக்கு மேல உள்ளதெல்லாம்
எங்களுக்கு ஆகாயம்."

சொட்டு விழுந்த இடமெல்லாம்
புருவப் பென்சிலால் வட்டம் போட்டு
தேதி எழுதி வைத்தேன்.
ஐப்பசி ஒன்பது.
ஐப்பசி பதினாலு.
கார்த்திகை ரெண்டு, ரெண்டு இடம்.

நாலு மாதம் போனடித்த பிறகு
பார்வையிட ஒருவர் வந்தார்,
மாசி வெயிலில்.
உள்கூரையைத் தடவிப் பார்த்தார்.
"காஞ்சுதான இருக்கு" என்றார்.
வட்டங்களைப் பார்த்து
"இப்படிக் கிறுக்கி வச்சிருக்கீங்களே,
இதைச் சேதம்னுல்ல எழுதணும்?"

அவரை உட்காரவைத்து, டீ கொடுத்து,
தண்ணி லாரிக்குப் போன் போட்டேன்.
நாலு நாளைக்கொருமுறை வரும் குழாய்க்கு
விடியுமுன் குடம் வரிசை போடுகிறவள்
ஆறாயிரம் லிட்டரை
ஒரு தகரத்தின் தலையில் கொட்டச் சொன்னேன்.
லாரி மேல் ஏறி நின்ற சடையாண்டிக்கு
சந்தோஷம் தாங்கவில்லை.
"அக்கா, தூறலா, அடமழையா?"
"ஐப்பசி பதினாலு மாதிரி" என்றேன்.

ஒழுகியது.
என் வட்டங்களுக்குள், ஒன்றுகூடப் பிசகாமல்,
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி
தன் இடத்தில் வந்து நின்று ஒழுகியது.

அவர் போட்டோ எடுத்தார்.
டீ டம்ளரைக் கழுவும் இடம் கேட்டார்.
பிறகு மெதுவாக,
"இது மழை இல்லையே மேடம்.
குழாயில அழுத்தி அடிச்ச தண்ணி.
அதுக்கு விதி வேற."

சடையாண்டி தன் வாடகையில்
நூறு ரூபாய் திருப்பிக் கொடுத்தான்.
எதற்கென்று கேட்கவில்லை.

கோரிப்பாளையத்திலிருந்து ஜெய்லானி வந்தது
அடுத்த வாரம்.
பஸ் கூரைகளில் முழங்கால் தேய்ந்தவர்.
ஒரு மணி நேரம் மேலே சத்தமே இல்லை.
தூங்கிவிட்டாரோ என்று ஏணியில் ஏறினேன்.
காதைத் தகரத்தில் வைத்துப் படுத்திருந்தார்.

"விழுற எடத்துல ஒண்ணும் இல்லம்மா.
முன்னாடி ஆன்டெனா இருக்குல்ல,
அதுல ஒரு திருகாணிக்கு வாசர் இல்ல.
அங்க எறங்குது தண்ணி.
உள்ள கம்பி மேலயே பதினோரு அடி நடந்து வந்து
கண்ணாடி முன்னாடி விழுது."

ஆன்டெனா
கூரையா, சுவரா, இணைப்பா?
வாரண்டியில் தேடினேன்.
அந்தச் சொல்லே இல்லை.

கூலி எண்ணூறு. வாசர் அவர் பையில் கிடந்தது.

இன்று நாகமலைப் பக்கம்
இருட்டிக்கொண்டு வருகிறது.
லைட்டெல்லாம் தார்ப்பாயில் சுற்றுகிறார்கள்.
பக்கெட்டைக் கழுவிக்
கவிழ்த்து வைத்தேன்.
பிறகு
எதற்கும் இருக்கட்டும் என்று
நிமிர்த்தினேன்.